பச்சை ஆமையைப் பார்த்தீர்களா?



கணினி படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்திருக்கும். "அம்மா, இந்த லெப்டொப் சரிவராது. புதுசு ஒன்று வேணும்." ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "வேர்ச்சுவல் மெஷின் போட்டால் இழுபடுது. மவுஸை அசைத்தால் ஒரு செக்கன் கழித்துத்தான் நகருது. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் நல்லா ஓடுது."

அதற்கு மேல் என்ன கேட்பதென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா வேலை முடிந்து வரும் வழியில் கண்டி நகரில் இறங்கி, இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்பார். அம்மா சீட்டு எப்போது விழும் என்று கணக்குப் பார்ப்பார். சீட்டு தூரத்தில் இருந்தால் அலுமாரியில் இருக்கும் வளையல் நினைவுக்கு வரும். படிப்புக்கு என்று கேட்டால் மறுக்க முடியுமா?

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாயைத் தொட்டது. பிறகு ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. கணினி முழுக்க முழுக்க இறக்குமதிப் பொருள். நல்ல லெப்டொப் என்றால் இன்று லட்சங்களில்தான் பேச்சு. அவ்வளவு பணத்தை வெளியே எடுக்கும் முன் ஒரு மாலை நேரத்தைச் செலவழித்து, கோளாறு உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லதல்லவா?

அதனால்தான் தொழில்நுட்பப் பகுதிக்குப் போகவேண்டிய விஷயத்தை இந்த மாதம் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். பிள்ளைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். மற்றப் பாதியை நீங்களும் கூட இருந்து பாருங்கள்.

முதலில் இந்த வேர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக வி.எம்.) என்றால் என்ன? உங்கள் விண்டோஸ் லெப்டொப்புக்குள்ளேயே ஒரு ஜன்னலில் இன்னொரு முழுக் கணினியை ஓடவிடுவது. அந்த உள்கணினிக்குத் தனக்கென்று ஒரு ரேம், ஒரு டிஸ்க், ஒரு திரை இருப்பதாக நினைப்பு. உண்மையில் எல்லாம் வெளியே உள்ள லெப்டொப்பிடம் கடன் வாங்கியவை. வேர்ச்சுவல்பொக்ஸ், வி.எம்.வெயார் என்று பிள்ளைகள் சொல்லும் பெயர்கள் இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களின் பெயர்கள். வேர்ச்சுவல்பொக்ஸ் இலவசம். வி.எம்.வெயார் வேர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 மே மாதத்திலிருந்து வீட்டுப் பாவனைக்கு இலவசம்; அதே ஆண்டு நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம்.

விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் பழகவும், நெட்வொர்க் பாடத்துக்கும், பாதுகாப்புப் பாடத்துக்கும் விரிவுரையாளர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. உள்ளே என்ன உடைந்தாலும் வெளியே உள்ள விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஒரே லெப்டொப்பை அப்பாவின் கணக்குவழக்குக்கும் தம்பியின் ஒன்லைன் வகுப்புக்கும் பாவிக்கும் வீட்டில் இது பெரிய வசதி.

சரி, ஏன் இழுபடுகிறது?

ஒரு கணினியைப் பல கணினிகளாகப் பிரிக்கும் வித்தை புதிதல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1972 இலேயே தன் பெரிய இயந்திரங்களுக்கு அதைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துத் திரைகளில் எழுத்து மட்டும்தான் ஓடும். படம், நிழல், ஜன்னல் வழுக்கி நகர்வது எதுவும் கிடையாது. அதனால் ப்ராசஸரின் நேரத்தைக் கூறுபோட்டுக் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. நம் வீட்டுக் கணினிகளுக்கு 1999 இல் வி.எம்.வெயார் அதைக் கொண்டுவந்தது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இன்டெலும் ஏ.எம்.டி.யும் ப்ராசஸருக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. அதற்குப் பிறகு உள்கணினியில் கணக்குப் போடும் வேகம் வெளிக்கணினியின் வேகத்துக்கு மிக அருகில் வந்துவிட்டது.

கிராஃபிக்ஸ் மட்டும் பின்தங்கியே நின்றது. கிராஃபிக்ஸ் சிப் கம்பனிக்குக் கம்பனி வேறு, மொடலுக்கு மொடல் வேறு. அதை ப்ராசஸரைப் போல எளிதாகக் கூறுபோட முடியாது. ஆகவே உள்கணினிக்கு ஒரு பொய்யான, மிக எளிய கிராஃபிக்ஸ் அட்டையைக் காட்டுகிறார்கள். சரியான டிரைவரும் சரியான செட்டிங்கும் இருந்தால், அந்தப் பொய் அட்டைக்கு வரும் வேலை வெளியே உள்ள உண்மையான சிப்புக்குக் கைமாறும். இல்லாவிட்டால் கைமாறாது. படம் வரைகிற வேலை முழுவதும் ப்ராசஸரின் தலையில் விழும்.

கல்யாண வீட்டுக்குச் சமையல்காரரை அழைத்துவிட்டு, அவருக்குக் கதவைத் திறக்காமல், வீட்டு அம்மாவே முந்நூறு பேருக்கும் தோசை சுட்டால் எப்படி இருக்கும்? தோசை வரும். பந்தி நகராது. உங்கள் பிள்ளையின் திரையில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

அந்த அம்மாவின் சுமை எவ்வளவு என்று கணக்காகச் சொல்கிறேன். முழு எச்.டி. திரை என்றால் 1920க்கு 1080. அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். செக்கனுக்கு 60 தடவை அதைப் புதுப்பித்தால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீர்மானிக்க வேண்டும். கிராஃபிக்ஸ் சிப் இதற்கென்றே பிறந்தது. இரண்டு கோர் மட்டும் கொடுக்கப்பட்ட உள்கணினியின் ப்ராசஸர் இதையும் செய்து, பிரவுசரையும் ஓட்டி, பிள்ளையின் புரோகிராமையும் ஓட்டவேண்டும். திரையின் அளவை 1366க்கு 768 என்று குறைத்தால் புள்ளிகள் பாதியாகிவிடும். செலவே இல்லாத வைத்தியம் இது. பலர் செய்து பார்ப்பதில்லை.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரில் ஒரு லினக்ஸ் வந்தது, தெரியுமா? 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கை ஆர்வலர்கள், ஃபெடோரா என்ற லினக்ஸை அடித்தளமாக வைத்து ஹந்தானை லினக்ஸை உருவாக்கினார்கள். இணையம் சரியாக இல்லாத வீடுகளையும் பாடசாலைகளையும் நினைத்து, தேவையான மென்பொருள்களையெல்லாம் ஒரே டிவிடியில் சேர்த்துக் கொடுத்த முயற்சி அது. மலைநாட்டுப் பெயர் ஒன்று அப்படிக் கணினித் திரையில் ஏறியதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

அந்தக் காலத்திலேயே ஃபெடோராவில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 2011 மே மாதம் வந்த ஃபெடோரா 15 உடன் க்னோம் 3 என்ற புதிய மேசைத்தளம் வந்தது. அழகானது, ஆனால் ஒரு ஜன்னலைத் திறக்கக்கூட கிராஃபிக்ஸ் சிப்பின் உதவியை எதிர்பார்க்கும். உதவி கிடைக்காவிட்டால், "என்னால் முடியாது" என்று சொல்லிவிட்டுப் பழைய பாணி எளிய திரைக்கு இறங்கிவிடும். அடுத்த ஆண்டு ஃபெடோரா 17 வந்தபோது அப்படி இறங்கவும் தேவை இல்லாமல் போனது. சிப் இல்லாவிட்டால் ப்ராசஸரே வரைந்துகொள்ளட்டும் என்று எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருளைச் சேர்த்துவிட்டார்கள். 2013 இல் க்னோம் 3.8 அந்தப் பழைய எளிய திரையையே எடுத்துவிட்டது.

நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். முன்பு உள்கணினி தனக்குக் கிராஃபிக்ஸ் உதவி இல்லை என்பதை வெளிப்படையாகக் காட்டிக்கொடுத்தது. இப்போது வாயே திறக்காமல் மெதுவாக வரைந்துகொண்டிருக்கிறது. பார்க்கிறவருக்கு லெப்டொப் பழுது என்றுதான் தோன்றும். என் கணிப்பில், வீடுகளில் நடக்கும் வீண் செலவின் வேர் இந்த மௌனத்தில் இருக்கிறது.

அந்த மௌனத்தை உடைப்பது சுலபம். உள்ளே உபுண்டு என்ற லினக்ஸ் ஓடுகிறதா? அதன் செட்டிங்ஸில் கடைசியில் இருக்கும் கணினி விவரப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கிராஃபிக்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதில் எல்எல்விஎம்பைப் என்று எழுதியிருந்தால் ப்ராசஸர்தான் படம் வரைகிறது. எஸ்விஜிஏ3டி என்று இருந்தால் வேலை வெளியே உள்ள சிப்புக்குப் போகிறது. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் யாரும் புது லெப்டொப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் கட்சி.

எல்எல்விஎம்பைப் என்று வந்தால் உள்கணினியை முழுதாக நிறுத்திவிட்டு, வேர்ச்சுவல்பொக்ஸின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போங்கள். வீடியோ மெமரி பெரும்பாலும் 16 எம்.பி.யில் நிற்கும். முழு எச்.டி. திரையின் ஒரே ஒரு படத்துக்கு 8 எம்.பி. வேண்டும் என்றால், 16இல் என்ன நடக்கும்? அதை 128க்கு உயர்த்துங்கள். கிராஃபிக்ஸ் கொன்ட்ரோலர் என்ற இடத்தில் லினக்ஸுக்கு விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸுக்கு விபொக்ஸ்எஸ்விஜிஏ. கீழே 3டி அக்சலரேஷன் என்று ஒரு சிறு பெட்டி. சமையல்காரருக்கான கதவு அதுதான். சரி போடுங்கள்.

பிறகு உள்கணினியைத் திறந்து, டிவைசஸ் மெனுவிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் என்பதை நிறுவவேண்டும். விண்டோஸ் உள்ளே ஓடினால் இது கட்டாயம். டிரைவரே அதில்தான் இருக்கிறது. வி.எம்.வெயார் பாவிப்பவர்களுக்கு இதே வேலையைச் செய்வது வி.எம்.வெயார் டூல்ஸ், லினக்ஸில் ஓபன்-விஎம்-டூல்ஸ் என்ற பெயரில் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. 3டியைப் போட்டவுடன் சில லெப்டொப்களில் திரை மினுங்கும், அல்லது கறுத்துப்போகும். பயப்படவேண்டாம், எதுவும் உடையவில்லை. மறுபடி நிறுத்தி, அந்தச் சரியை எடுத்துவிட்டு, வேறு வழி பார்க்கலாம். உபுண்டு 24.04 இல் கடவுச்சொல் கேட்கும் திரையில் மூலையில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி எக்ஸோர்க் என்பதைத் தெரிவுசெய்தால் சில நேரம் அதுவே போதும். அதுவும் சரிவராவிட்டால் க்னோமை விட்டுவிட்டு எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய மேசைத்தளம் உள்ள சுபுண்டுவுக்கு மாறலாம். அழகு குறைவு, பாடத்துக்கு அழகு எதற்கு?

இனி ஆமைக்கு வருவோம்.

வேர்ச்சுவல்பொக்ஸ் ஜன்னலின் கீழ் வலது மூலையில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒரு பச்சை ஆமை தெரிகிறதா என்று பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே ஆமைதான் போட்டிருக்கிறார்கள். அது தெரிந்தால், ப்ராசஸரின் சிறப்பு வசதியை விண்டோஸ் ஏற்கெனவே தனக்கு எடுத்துக்கொண்டுவிட்டது, வேர்ச்சுவல்பொக்ஸ் விண்டோஸின் ஹைப்பர்-வி என்ற வேர்ச்சுவல் மெஷின் வசதி வழியாகச் சுற்றிப் போய்த்தான் வேலை செய்கிறது என்று பொருள். படம் மட்டுமல்ல, எல்லாமே மந்தமாகும்.

விண்டோஸ் ஏன் அப்படி எடுத்துக்கொள்கிறது? பிள்ளை முன்பு டொக்கர் என்ற மென்பொருளை நிறுவியிருக்கலாம். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். போட்டிருக்கலாம். ஒன்றுமே செய்யாவிட்டாலும், புதிதாக விண்டோஸ் 11 நிறுவப்பட்ட லெப்டொப்பில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். பக்கத்துப் பிள்ளையின் பழைய லெப்டொப்பில் வேகமாக ஓடுவது உங்கள் பிள்ளையின் புது லெப்டொப்பில் இழுபடுவதற்கு இது ஒரு காரணம். புதிது வாங்கினால் தீரும் என்று நினைத்தவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

விண்டோஸ் அம்சங்களைக் கூட்டிக் குறைக்கும் பட்டியலில் ஹைப்பர்-வி, வேர்ச்சுவல் மெஷின் பிளட்ஃபோம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளட்ஃபோம் ஆகியவற்றின் சரிகளை எடுத்துவிட்டு, லெப்டொப்பை மறுபடி தொடங்கினால் பல இடங்களில் ஆமை போய்விடும். மெமரி இன்டெக்ரிட்டியையும் நிறுத்தச் சொல்லி இணையத்தில் ஆயிரம் பேர் சொல்வார்கள். நான் சற்றுத் தயங்குவேன். அதே லெப்டொப்பில் அப்பா வங்கிக் கணக்குப் பார்க்கிறாரா? அக்கா அலுவலக வேலை செய்கிறாளா? அப்படியென்றால் அந்தப் பாதுகாப்பு இருக்கட்டும். ஒரு அசைன்மென்டின் வேகத்துக்காக வீட்டுக் கதவைத் திறந்து வைக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு மட்டுமேயான லெப்டொப் என்றால் அது வேறு கதை, தீர்மானம் உங்களுடையது.

எல்லா மந்தமும் கிராஃபிக்ஸ் மந்தம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதில் பலர் ஏமாறுகிறார்கள். ஜன்னலை இழுக்கும்போது வெட்டி வெட்டி நகர்கிறது, வீடியோ துண்டு துண்டாக ஓடுகிறது, ஆனால் ஃபைல் திறப்பது பரவாயில்லை என்றால் அது படம் வரைவதில் உள்ள கோளாறு. எல்லாமே பத்து இருபது செக்கன் உறைந்து நின்று, பிறகு திடீரென்று ஓடினால் அது ரேம் அல்லது டிஸ்க். 8 ஜி.பி. ரேம் உள்ள லெப்டொப்பில் விண்டோஸ் 11 தன் பங்கை எடுத்து, குரோமில் பதினைந்து பக்கங்கள் திறந்திருந்து, உள்கணினிக்கும் 4 ஜி.பி. கொடுத்தால் என்ன மிஞ்சும்? ஒன்றுமில்லை. குரோமை மூடிப் பாருங்கள்.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள லெப்டொப் என்றால் எஸ்.எஸ்.டி. போடுவதுதான் சரியான செலவு. ரேமைக் கூட்ட இடம் இருந்தால் அதையும் செய்யலாம். சில மெல்லிய மொடல்களில் ரேம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், கடையில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் புது லெப்டொப்பின் விலையை விடக் குறைவாகத்தான் ஆகும்.

ப்ராசஸர் கோர்களை அள்ளிக் கொடுப்பதும் உதவாது. நான்கு கோர் உள்ள லெப்டொப்பில் நான்கையும் உள்கணினிக்குக் கொடுத்தால் வெளியே உள்ள விண்டோஸ் மூச்சுத் திணறும். அது திணறினால் உள்ளே இருப்பதும் திணறும். இரண்டு போதும். கோர் எண்ணிக்கையைத் தெரிவுசெய்யும் அளவுகோலில் வேர்ச்சுவல்பொக்ஸே பச்சையும் சிவப்பும் தீட்டி வைத்திருக்கிறது, சிவப்புக்குள் போகாதீர்கள்.

இன்னொன்று, சார்ஜர். 2022 மார்ச் 31 அன்று 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்டில் நாம் எல்லோரும் பெட்டரியை மிச்சம் பிடிக்கப் பழகிக்கொண்டோம். அந்தப் பழக்கத்தில் சில லெப்டொப்கள் இன்னும் பெட்டரி சேவர் நிலையிலேயே கிடக்கின்றன. அந்த நிலையில் ப்ராசஸர் வேண்டுமென்றே மெதுவாக ஓடும். வி.எம். ஓட்டும்போது சார்ஜரைக் குத்தி, பவர் செட்டிங்கை உயர்த்தி வையுங்கள். கட்டிலில் மெத்தைமேல் வைத்து ஓட்டவும் வேண்டாம். காற்றுத் துளை அடைபட்டுச் சூடேறினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கண்டி குளிர்தானே என்பீர்கள். தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு எந்தக் குளிர்?

என்விடியா கிராஃபிக்ஸ் சிப்பும் இருக்கும் லெப்டொப் என்றால், விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், வேர்ச்சுவல்பொக்ஸுக்கு ஹை பெர்ஃபோமன்ஸ் என்று குறித்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய சிப் சும்மா இருக்கக்கூடாது.

சில பிள்ளைகளின் வி.எம். வீட்டு லெப்டொப்பில் ஓடுவதே இல்லை. பல்கலைக்கழக சேர்வரில் ஓடுகிறது, படம் மட்டும் இணையம் வழியாக வருகிறது. அங்கே மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் மையம் நம் பேராதனையில்தான் இருக்கிறது. 2020 இல் கொரோனா வந்தபோது பல்கலைக்கழக விரிவுரைகளை ஸூமில் நடத்த வழிசெய்தவர்கள் அவர்கள். வளாகத்துக்குள் வேகமாக வரும் அதே திரை, நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்து வீட்டில் டொங்கிளில் வரும்போது திக்கினால் அது சிக்னலின் பிரச்சினை. அதற்கு லெப்டொப்பைக் குறைசொல்லி என்ன பயன்?

இப்போது ஒரு எளிய கேள்வி. பிள்ளைக்கு உண்மையிலேயே அந்த உள்கணினியின் திரை தேவையா?

சி மொழியில் புரோகிராம் எழுதவும் லினக்ஸ் கட்டளைகள் பழகவும் கறுப்புத் திரையில் எழுத்து வந்தால் போதும். விண்டோஸ் 11 இல் உள்ள டபிள்யூ.எஸ்.எல். அதை ஒரு கட்டளையில் தந்துவிடும். அன்ட்ரொய்ட் செயலி எழுதும் பிள்ளை, லெப்டொப்புக்குள் ஒரு போலி ஃபோனை ஓடவிட்டு அது திணறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட, கையில் இருக்கும் ஃபோனையே யூ.எஸ்.பி. வயரில் குத்திச் சோதிக்கலாம். சரியான வேகமும் தெரியும், ரேமும் மிஞ்சும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லெப்டொப்கள் நம் வீடுகளில் நிறைய. அவற்றுக்கு லினக்ஸ் போடலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். சோதிப்பதற்காக முதலில் வி.எம்.மில் போட்டுப் பார்க்கிறார்கள். அங்கே இழுபடுவதைக் கண்டு, "லினக்ஸ் சரிவராது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். தவறான பரீட்சை அது. பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே லெப்டொப்பைத் தொடங்கிப் பாருங்கள். எதையும் அழிக்காமல் உண்மையான கிராஃபிக்ஸ் சிப்போடு ஓடும். எட்டு வயது லெப்டொப் ஒன்று அப்படி எழுந்து நிற்பதைப் பார்த்தால் வாங்கும் எண்ணம் கொஞ்சம் தள்ளிப்போகும்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முப்பரிமாண வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டு ஆகியவற்றை வி.எம்.முக்குள் செய்ய நினைத்தால் எந்தச் செட்டிங்கும் முழுதாகக் கைகொடுக்காது. கிராஃபிக்ஸ் சிப்பையே உள்கணினிக்கு எழுதிக்கொடுக்கும் முறை இருக்கிறது; அதற்கு வேறு வகை இயந்திரமும் நிறையப் பொறுமையும் வேண்டும். அந்த வேலைகளை நேராக வெளியே உள்ள விண்டோஸிலேயே செய்வதுதான் புத்தி. 4 ஜி.பி. ரேமும் இரண்டு கோரும் மட்டுமுள்ள லெப்டொப்பில் வி.எம். ஓட்டவேண்டும் என்று பாடத்திட்டம் சொன்னால், அங்கே பிள்ளை கேட்பது நியாயமே. வாங்கிக் கொடுங்கள்.

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் கணினி கற்பிக்கும் நிறுவனங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தயார்செய்த வி.எம். கோப்பை மாணவர்களுக்குக் கொடுக்கிறீர்கள். அதை உருவாக்கியது 32 ஜி.பி. ரேம் உள்ள கணினியாக இருக்கலாம். ஓடப்போவது கம்பளையிலும் கலஹாவிலும் உள்ள 8 ஜி.பி. லெப்டொப்களில். எளிய மேசைத்தளத்தோடு கொடுங்கள். எவ்வளவு ரேம், எத்தனை கோர், எந்த கிராஃபிக்ஸ் கொன்ட்ரோலர் என்று ஒரு பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். திரை தேவையில்லாத பாடத்துக்குத் திரை உள்ள வி.எம்.மைக் கேட்காதீர்கள். ஒரு பக்கக் காகிதம் பல வீடுகளில் ஒரு வளையலைக் காப்பாற்றும்.

பெற்றோருக்கும் ஒன்று. "உனக்கு என்ன, வேலை வைப்பதே தொழில்" என்று பிள்ளையிடம் எரிந்து விழாதீர்கள். இழுபடும் திரைமுன் மூன்று மணிநேரம் இருந்து அசைன்மென்ட் முடிப்பது நிஜமான வேதனை. பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கிராஃபிக்ஸ் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்கும்போது பிள்ளை தேட ஆரம்பிக்கும்.

அப்படியும் பிரச்சினை தீராதவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். "லெப்டொப் ஸ்லோ" என்று மட்டும் எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. லெப்டொப்பின் மொடல், ரேம் எவ்வளவு, டிஸ்க் எந்த வகை, உள்ளே ஓடுவது எது, கிராஃபிக்ஸ் வரியில் இருப்பது என்ன, மூலையில் ஆமை தெரிகிறதா என்ற விவரங்களை மறக்காமல் சேருங்கள். தெரிந்தவர்களிடம் கேட்டு அடுத்த இதழ்களில் பதில் தருகிறோம். அதுவரை கடைப்பக்கம் போகவேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்